பாக்கியம் மதினிக்கு இரண்டாம் பாதி

என் பிரியத்துக்குரிய பாக்கியம் மதினிக்கு,

படம் வந்துவிட்டது மதினி. போன வெள்ளிக்கிழமை, காரைக்குடியில், நம் தெரு முக்கில் இருக்கிற அதே தியேட்டரில், மேட்னி ஷோ. ‘கதை, திரைக்கதை’ என்று போட்டு அதற்குக் கீழே அமலி என்று என் பெயர் வந்தது. மூன்றே எழுத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நீங்கள் இருந்திருந்தால் விசில் அடித்திருப்பீர்கள். உங்களுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

இடைவேளை விட்டதும் நான் எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். என் சொந்தப் படத்தை, முதல் படத்தை, பாதியில் விட்டுவிட்டு. ஏன் வந்தேன், வந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் கொஞ்சம் பழசைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

அப்பா வாதத்தில் விழுந்தபோது நீங்கள் கல்லலிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பாவுக்கு வலது பக்கமும் போச்சு, பேச்சும் போச்சு. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நானும், நாலு வயது மூத்தவரான நீங்களும்தான் அவருக்குக் காவல். எந்நேரமும் ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு மணிக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும், அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்க.

அண்ணன் தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். சினிமா என்றாலே அவருக்கு ஆகாது. இரண்டரை மணி ஷோவின் இடைவேளையும் அப்பாவின் கஞ்சியும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று கண்டுபிடித்தவர் நீங்கள். கணக்கு வாத்தியார் பெண்டாட்டி என்றால் சும்மாவா?

ஆக, ஒரே சீட்டு. முதல் பாதிக்கு ஒருத்தி, இரண்டாம் பாதிக்கு இன்னொருத்தி. தியேட்டரிலிருந்து வீட்டுக்கு மூன்று நிமிஷ நடை, ஓட்டமென்றால் ஒன்றரை. முதல் தடவை நான் கிழிந்த சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டில் நிற்கும் சோலை அண்ணன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போனது பச்சச் சேல, வாரது மஞ்சத் தாவணி” என்றார். “ஆளு மாறுனா என்ன, சீட்டு ஒண்ணுதானே. போத்தா, போயி வெரசா உக்காரு.”

பாட்டுப் படமும் அழுகைப் படமும் நமக்கு ஒத்துவரவில்லை. அவற்றைப் பாதியில் விட்டு வந்தால் ஒன்றும் குறையவில்லை. கொலைப் படத்தைப் பாதியில் விட்டு வருவது மட்டும்தான், சுடச்சுட இருந்த இட்லியை யாரோ தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அதனால் கொலைப் படத்துக்கு மட்டும் போனோம். அப்படி எத்தனை படம் பார்த்திருப்போம் மதினி? முழுசாகப் பார்த்தது ஒன்றே ஒன்று. அதற்கு வருகிறேன்.

கஞ்சி ஆறுவதற்குள் முதல் பாதிக் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, முதுகுக்குத் தலையணையை இன்னொருத்தி செருகிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொல்வோம். நான் சொன்ன முதல் கதை நினைவிருக்கிறதா? செத்தவன் பெயர், செத்த நேரம், கார் நம்பர், இன்ஸ்பெக்டரின் மீசை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நீங்கள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

“என்னத்தா இது, போலீஸ்காரன் மகசர் எழுதுற மாதிரி சொல்ற. இதுல நான் யாருக்காகப் பயப்படணும்? அத மொதல்ல சொல்லு.”

எனக்குக் கோபம் வந்தது. பி.ஏ. படித்தவளிடம் இப்படிச் சொல்கிறார்களே என்று. ஆனால் அடுத்த வாரம் முதல் பாதி உங்களுடையது. வந்தீர்கள், அப்பாவைத் தூக்கினீர்கள், இவ்வளவுதான் சொன்னீர்கள்: “ஒரு பொட்டப்புள்ள. ஆறு வயசு. அந்த வீட்டுச் சாவி அது பாவாட முடிச்சுல இருக்கு. அது அதுக்கே தெரியாது. கொலகாரன் அது சித்தப்பந்தான், அவனுக்குத் தெரியும். அம்புட்டுத்தான், ஓடு.”

ஓடினேன். இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பிள்ளையின் பாவாடையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கார் கவிழ்ந்ததாம், கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தானாம், பக்கத்துச் சீட்டுக்காரி சொன்னாள். பிள்ளை ஓடும்போதெல்லாம் முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று என் தாவணி நுனியை முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டே இருந்தேன். கொலைகாரன் யார் என்று உட்காருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிப் பயந்தேன். இந்த விஷயத்தைப் பெரிய பெரிய ஆட்கள் பேசிப் பின்னால் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் கையில் கஞ்சிக் கரண்டியோடு பேசவில்லை.

சாயங்காலம் முதல் பாதியைத் திரும்பச் சொல்லி, அதோடு மிச்சக் கதை. அப்பாவுக்கும் சேர்த்துத்தான். இரண்டு பாதியையும் கேட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான், படத்தைப் பார்க்காமலே. கதை சரியாகப் போகிறதா என்று அவருடைய இடது கை சொல்லிவிடும். நான் வளவளவென்று இழுத்தால் அந்தக் கை பாயில் செத்த மாதிரிக் கிடக்கும். நீங்கள் குரலைத் தணித்தால் என் மணிக்கட்டைப் பிடிக்கும். சில நாள் வளையல் பதிந்து தடம் விழும். அறைக்கு வெளியே அண்ணன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். தாள் புரளுகிற சத்தம் ரொம்ப நேரமாகக் கேட்கவில்லையே என்று அப்போது நமக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த டாக்டர் படத்தைச் சொல்லாமல் முடியுமா? முதல் பாதி நீங்கள். கண் கலங்கி வந்தீர்கள். “அந்த டாக்டரு பாவம்த்தா. தங்கமான ஆளு. நோயாளிக்குத் தன் கையால பால் ஆத்திக் கொடுக்குறாரு. அவருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது, பாத்துக்க” என்று என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தீர்கள். நானும் போய் டாக்டருக்காக வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் பாலில்தான் விஷம். வீட்டுக்குள் நுழையும்போதே, “மதினி, ஒங்க டாக்டர்தான்!” என்று கத்தினேன். நீங்கள் நம்பவே இல்லை.

“நீ தப்பாப் பாத்துட்டு வந்துட்டத்தா. அவரு அப்படிப்பட்ட ஆளில்ல.”

மறுநாள் என்னை அப்பாவோடு விட்டுவிட்டு, நாலு மணிக் கஞ்சியையும் ஒத்தி வைத்துவிட்டு, நீங்களே போய் முழுப்படமும் பார்த்தீர்கள். திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னீர்கள்: “மொதல்ல நம்ப வச்சுட்டான்த்தா. நம்ப வைக்காமக் கழுத்த அறுத்தா நமக்கென்ன வலிக்கவா போகுது?” திரைக்கதை எழுத உட்காரும்போதெல்லாம் இன்றும் எனக்கு அரிசி களைகிற சத்தம் கேட்கிறது.

உங்கள் கேள்விகள்தான் எனக்குப் பெரிய தொல்லை. நான் கொலைகாரன் பிடிபட்டதை ஆடிப்பாடிச் சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் மெதுவாக, “ஏத்தா, செத்தவன் வீட்டுக்கு யாரு போயிச் சொன்னா?” என்பீர்கள். “அத யாரு காட்டுறா மதினி, படத்துல அதெல்லாம் இல்ல” என்பேன். “அந்தம்மா அன்னைக்குச் சாப்புட்டுச்சா?” என்று அடுத்த கேள்வி. கொலையைப் பற்றிப் பேசினால் சோற்றைப் பற்றிக் கேட்கிறார்களே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு உங்கள் அப்பா இறந்த அன்று தெரிந்திருக்க வேண்டும். கல்லலிலிருந்து போன் வந்தபோது நீங்கள் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நம் பக்கம் சாப்பிடுகிற ஆளிடம் சாவைச் சொல்ல மாட்டோம். சொல்லிவிட்டால் அப்புறம் இரண்டு நாளைக்கு அந்த ஆள் வாயில் பச்சைத் தண்ணீர் இறங்காது, அதனால் கை கழுவ விட்டுத்தான் சொல்வது. நானும் போனை வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மதினி” என்று சோறு வைத்து ரசம் ஊற்றினேன். நீங்கள் தலை நிமிராமல் அதையும் சாப்பிட்டு முடித்தீர்கள். எழுந்து கை கழுவிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: “எப்பத்தா? அப்பாவா?”

பிறகொரு நாள் சொன்னீர்கள்: “நீ என்னைக்குத்தா எனக்குப் பரிமாறிருக்க? ரெண்டாந்தரம் ரசம் ஊத்துனியே, அப்பவே தெரிஞ்சு போச்சு.”

இங்கே நம் வீட்டு அப்பாவும் போன பிறகு நான் சென்னைக்குப் போனேன். டிவி தொடருக்கு வசனம் எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். நாற்பத்து நாலு வயதில் ஒரு படம் கிடைத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். நீங்கள்தான், “மருந்து பேரெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு, ஒரு கொலக்கதை சொல்லுத்தா” என்று கேட்டீர்கள்.

காரைக்குடியில் செல்வம், ஆனந்தன் என்று இரண்டு சிநேகிதர்கள் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார்கள். தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா எல்லாம் வாங்கி விற்கிறவர்கள். செல்வத்தின் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். ஆனந்தனும் சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுச் சோறு தின்றவன். கோயிலில் திருடிய ஒரு சிலையை ஆனந்தன் கடைச் சாமானோடு சாமானாக ஒளித்து வைத்திருப்பதைச் செல்வம் கண்டுபிடிக்கிறான். போலீஸுக்குப் போகிறேன் என்கிறான். அவனை ஆனந்தன் கடைக்குள்ளேயே முடித்துவிடுகிறான். ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறான். மகனோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று அம்மா வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார். ஆனந்தன் பைக்கை எடுக்கிறான்.

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். ஊசி குத்திக் கன்றிப்போன கை, ஆனாலும் என்ன பிடி!

“எங்குட்டுத் திருப்புறான்?”

“அந்தம்மா வீட்டுக்கு மதினி. ஒண்ணும் தெரியாதவன் மாதிரி, செல்வத்தத் தேடி வந்தேன்னு காட்டிக்கிறதுக்கு. அத்தோட இடைவேளை.”

“அடப்பாவி. அது இன்னும் சாப்பிடலயே! மிச்சத்தச் சொல்லு.”

“மிச்சத்தத் தியேட்டர்ல வந்து பாருங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். “ரொம்பத்தான் பிகு பண்ணுற” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா மதினி? என்னிடம் மிச்சம் இல்லை. அந்தத் தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று எனக்கே தெரியாது. சட்டைப் பொத்தான், செல்போன் டவர் என்று எதையெதையோ எழுதி வைத்திருந்தேன். எல்லாம் மகசர். அதை உங்களிடம் ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டேன் அல்லவா? அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டே நீங்கள் முடித்துக் கொடுத்திருப்பீர்கள். நானும் நிம்மதியாக உங்களுக்கு முழுக்கதையும் சொல்லியிருப்பேன்.

பதினோரு நாள் கழித்துச் சென்னையில் மதியம் போன் அடித்தது. அண்ணன்.

“சாப்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“மொதல்ல சாப்புடு. சாப்ட்டுட்டுப் பேசலாம்.”

வைத்துவிட்டார். அண்ணனை உங்களுக்குத் தெரியும். என்னிடம் சாப்பிட்டாயா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டைப் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தேன். உங்களுக்கு ரசத்தில் தெரிந்தது எனக்கு அந்த ஒரு வாயில் தெரிந்தது. ஆனாலும் தட்டைக் காலி செய்தேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை. கை கழுவிவிட்டுப் போன் செய்து, “எப்பண்ணே?” என்று கேட்டேன்.

மாதாகோயிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து சென்னைக்குத் திரும்பிய வாரத்தில் இரண்டாம் பாதியை எழுதி முடித்தேன். முடிச்சு கிடைத்துவிட்டது. கொடுத்தது நீங்கள். உங்கள் சாவை எடுத்துக் கதை பண்ணிவிட்டாளே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டால்? கேட்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியாதே.

டைரக்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், சென்னைப் பிள்ளை. தலையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, கொலைகாரன் யாருன்னு இடைவேளையிலயே காட்டிட்டா, ஜனங்க முட்டை போண்டாவைக் கையில வாங்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடுவாங்க. கடைசி வரைக்கும் மறைச்சாத்தான் த்ரில்லர்” என்றார். நான் நம் கதையைச் சொன்னேன். ஒரு சீட்டு, இரண்டு பேர், பாவாடை முடிச்சில் சாவி. ஆள் யார் என்று தெரிந்த பிறகும் இரண்டு பெண்கள் ஒன்றரை நிமிஷத்தில் தெருவை ஓடிக் கடந்த கதை. கேட்டுவிட்டு ஸ்கிரிப்டில் இடைவேளைப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். “சரிக்கா, உங்க மதினியை நம்பி எடுக்கறேன். ஓடலைன்னா நமக்கு ரெண்டாவது படம் கிடையாது” என்றார். அது சும்மா சொன்னதில்லை. என் வயதுக்கு இரண்டாவது வாய்ப்பு யார் தருவார்கள்?

அதனால்தான் வெள்ளிக்கிழமை நான் திரையைவிட ஜனங்களின் முகத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பைக் திரும்பியது, ‘இடைவேளை’ என்று விழுந்தது, விளக்குப் போட்டார்கள். எனக்குப் பின் வரிசையில் ஒரு ஆள் சோம்பல் முறித்துக்கொண்டு, “அதான் யாருன்னு தெரிஞ்சு போச்சே, கெளம்புவமா?” என்றார். அவ்வளவுதான், என் கால் தானாக எழுந்துவிட்டது. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வீட்டு வாசலில் வந்துதான் நின்றது. நாற்பத்தைந்து வயதில் ஒன்றரை நிமிஷம் இல்லை, இரண்டரை நிமிஷம் ஆனது.

அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார், தெரியுமா? நான் எவ்வளவோ கூப்பிட்டும், “எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல” என்று படத்துக்கு வர மறுத்துவிட்டார்.

“என்னத்தா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“இடைவேளைண்ணே.”

பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். “சரி. மொதப் பாதியச் சொல்லு” என்றார்.

நான் நிலைப்படியைத் தாண்டாமல் அவரையே பார்த்தேன் மதினி.

“என்ன முழிக்கிற? ஒங்க ரெண்டு பேரு கூத்தும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பச்சச் சேல போயி மஞ்சத் தாவணி வருதுன்னு மொத வாரமே சோலை எங்கிட்டச் சொல்லிட்டான்.”

“அப்பறம் ஏண்ணே ஒண்ணும் கேக்கல?”

“அப்பாவப் பாத்துக்கிட்டுப் பகலெல்லாம் கெடந்தவ. அந்த ஒரு நாளு சாயங்காலந்தான் அவ மொகம் தெளிச்சியா இருக்கும். அதப் போயிக் கேப்பனா? அதோட கதையும் எனக்கு வேண்டியிருந்துச்சு.”

தாள் புரளாததற்குக் காரணம் தெரிந்ததா? அறைக்கு வெளியே உட்கார்ந்து அத்தனை படத்தையும் இரண்டு பாதியும் கேட்டிருக்கிறார் உங்கள் கணக்கு வாத்தியார். நமக்கு ஒரு சொல் சொல்லாமல். சினிமாவை மதிக்காத மனுஷன் என்று இத்தனை வருஷம் அவர் மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

சொன்னேன். நீங்கள் சொல்கிற மாதிரி. “ஒரு தாயி. மகனுக்காகச் சோத்த வச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருக்கு. மகன் வரமாட்டான், நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. கொன்னவன் அந்த வீட்டுக்குத்தான் பைக்கத் திருப்பிட்டான். இந்தாங்க சீட்டு, ஓடுங்கண்ணே.”

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கேட்டில் இப்போது ஒரு பெண் நிற்கிறாள். அவளிடம், “இது எங்க வீட்டுச் சீட்டு” என்று சொன்னாராம். விட்டுவிட்டாளாம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனேன். சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். மணி ஐந்தரை, காப்பிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு கெட்ட நேரம். செருப்புச் சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்து, கணக்குக்கு வழி எழுதுகிற மாதிரி ஒவ்வொரு படியாக, அண்ணன் எனக்கு என் கதையைச் சொன்னார். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

“அவன் உள்ள வாரான். ‘செல்வம் வரலையாம்மா’ங்குறான். ‘வரட்டும், சேந்து சாப்புடுறேன்’ங்குது அந்தம்மா. அவன் விடமாட்டேங்குறான். ‘அவன் வர நேரமாகும், நீங்க சாப்புடுங்க’ன்னு தன் கையாலயே தட்டப் போட்டுச் சோறு வச்சுக் கொழம்ப ஊத்துறான். அந்தம்மா சாப்புடுது. தியேட்டர்ல ஒரு பொட்டுச் சத்தமில்ல. எனக்கு முன்னாடி ஒரு பொம்பள, ‘அவன் கையால சாப்புடாதீக ஆத்தா!’ன்னு சத்தமாச் சொல்லிருச்சு. யாரும் சிரிக்கலத்தா.”

“எந்திரிச்சுப் போனாகளாண்ணே யாராச்சும்?”

“ஒருத்தன் போகல. நடுவுல பேசாத. அந்தம்மா கை கழுவுது, அப்பறம் போலீஸ் வருது. எழவு வீட்டுல எல்லா வேலையும் அவன்தான் பாக்குறான். பாட தூக்குறதும் அவன்தான். நமக்கு வயிறு எரியுது. முப்பதாம் நாளு, வந்த சனமெல்லாம் பந்தில உக்காந்து சாப்புடுது. அந்த நேரம் பாத்து, சாப்புட்டுக்கிட்டு இருக்குற ஒரு பொண்ணோட அண்ணன் செத்துட்டான்னு சேதி வருது. அந்தம்மாதான் ஓடிப்போயி வந்த ஆள வாசல்லயே நிறுத்துது. ‘அது கை கழுவட்டும், பெறகு சொல்லுங்க’ன்னுட்டு, அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கரண்டி சோத்த அள்ளுது.”

அண்ணன் அங்கே நிறுத்தினார். அவருடைய வலது கை, கரண்டி பிடித்த மாதிரி அந்தரத்தில் நின்றது.

“அப்படியே நிக்குது அந்தம்மா. நம்மளும் இப்படித்தான் சோறு வச்சோம், அவனும் நமக்கு இப்படித்தான் வச்சான். அப்ப அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குன்னு அதுக்கு ஒறைக்குது. அம்புட்டு நல்லவனா வளத்துருக்கு அவன, கொன்னுட்டு வந்தும் பழக்கம் விடல. அந்தப் பழக்கமே அவனக் காட்டிக் கொடுத்துருச்சு.”

அண்ணன் மேலே சொன்னார்: அந்தம்மா ஸ்டேஷனுக்குப் போகிறார். சாப்பிடச் சொன்னதெல்லாம் ஒரு சாட்சியா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். அந்தம்மா ஆனந்தனை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். தட்டைப் போட்டுப் பரிமாறுகிறார். இன்ஸ்பெக்டர் உள்ளறையில் இருக்கிறார். அவன் முதல் வாய் எடுக்கும்போது அந்தம்மா சொல்கிறார்: ‘மொதல்ல சாப்புடு. சாப்ட்டுட்டுப் பேசலாம்.’ அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? எடுத்த சோற்றை உதிர்த்துவிடுகிறான். தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு கேட்கிறான்: ‘எப்பம்மா தெரிஞ்சது?’ உள்ளறைக் கதவு திறக்கிறது. படம் முடிகிறது.

அதைச் சொல்லி முடித்துவிட்டு அண்ணன் குனிந்துகொண்டார்.

“அது நான் போன்ல சொன்னதுதானே?”

“ஆமாண்ணே. கோவமா?”

இல்லை என்று தலையாட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல், நீங்கள் கேட்கிற அதே இழுப்போடு கேட்டார்: “ஏத்தா, அவனப் புடிச்சுக்கிட்டுப் போன பெறகு, அந்தம்மா அன்னைக்குச் சாப்புட்டுச்சா?”

அதை நான் எழுதவில்லை மதினி. இத்தனை வருஷம் நீங்கள் கேட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று உறைத்தது. நீங்கள் போன அன்று எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டுச் சேதி சொன்ன மனுஷன் இவர்.

“நீங்க அன்னைக்குச் சாப்புட்டீகளாண்ணே?”

அண்ணன் கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். “எங்கிட்ட யாரு கேட்டா” என்றார் கடைசியில், முணுமுணுப்பாக.

தட்டைப் போட்டேன். சோறு வைத்தேன். அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்குப் புரிந்தது. “பயப்படாதீக. சேதி ஒண்ணும் இல்ல. சும்மாதான் வைக்கிறேன்” என்றேன். சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டாந்தரமும் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படம் ஓடுகிறது மதினி. நேற்று டைரக்டர் போன் செய்து அடுத்த கதையைக் கேட்டார். அதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் சொல்வேன், கல்லறைக்கு வந்து, முழுசாக. முடிவு தெரியாவிட்டால் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வேன். மிச்சத்தைத் தியேட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இனிமேல் எனக்குப் பிரியமான யாரிடமும் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காரைக்குடிக்கு வந்து அண்ணனோடு ஒரு படம் பார்ப்பேன், ஒரே சீட்டில். அன்றைக்கு அவருக்கு நான்தான் பரிமாறுவேன். இது சத்தியம்.

உங்கள் சீட்டின் மறுபாதிக்காரி,
உங்கள் நாத்தனார்
அமலி